இல்லாததைச் சொல்லும் ஒரு வினைச்சொல்

அகராதியில் ஒரு சொல்லுக்கு நேரே பொருள் எழுதியிருந்தால் மொழிபெயர்ப்பு முடிந்துவிட்டது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். மேசை, கதவு, ஆறு போன்ற பெயர்ச்சொற்களுக்கு இது பெரும்பாலும் சரிவரும். அன்றாடம் புழங்கும் வினைச்சொற்களோ அவ்வளவு இலகுவில் பிடிபடுவதில்லை. இத்தாலி மொழியின் ‘மன்க்காரே’ அத்தகைய ஒரு வினைச்சொல். மிலானோ நகரில் வாழும் என் மாமி மகளிடம் கைப்பேசி வழியாக நான் அந்த மொழியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்று வருகிறேன். இதுவரை கற்றவற்றுள் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்தச் சொல்தான்.

இதன் வேர் ‘மன்குஸ்’ என்னும் இலத்தீன் சொல். உறுப்புக் குறைபாடுடைய, சிறப்பாகக் கை ஊனமான என்பது அதன் பொருள். அங்கிருந்து, இருக்க வேண்டிய ஒன்று இல்லாதிருத்தல் என்ற பொருள் ‘மன்க்காரே’க்கு வந்தது. இந்த ஒரு கருத்தை மனதில் வைத்துக்கொண்டு பின்வரும் வாக்கியங்களைப் பாருங்கள்.

கறியைச் சுவைத்துப் பார்த்த ஒருவர் ‘மன்க்கா இல் சாலே’ என்கிறார். ‘சாலே’ என்றால் உப்பு. நம் வீட்டில் இதை “உப்புக் காணாது” என்போம். மின்சாரம் நின்றுவிட்டால் ‘எ மன்க்காத்தா லா லூச்சே’ என்கிறார்கள். ‘லூச்சே’ என்றால் வெளிச்சம். நமக்கு அது “கரண்ட் போயிற்று”. பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது ‘மன்க்கனோ தியேச்சி ஜோர்னி’ என்பார்கள். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. இத்தாலியர் வந்து சேராத நாட்களை இல்லாதவையாகக் கணக்கிடுகின்றனர். நாமோ அதே நாட்களை “இன்னும் பத்து நாள் இருக்கிறது” என்று கையில் உள்ளவையாகக் கணக்கிடுகிறோம். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் வாக்கியம் தலைகீழாகிவிடும்.

சில இடங்களில் தமிழ் தானாகவே கைகொடுக்கிறது. தொல்லைக்கு மேல் தொல்லை வரும்போது இத்தாலியர் ‘ச்சி மன்க்காவா சோலோ குவெஸ்த்தோ’ என்று சலித்துக்கொள்வார்கள். “இது ஒன்றுதான் குறைச்சல்!” என்று நாம் சொல்வது அச்சொட்டாக அதுவே. ‘மன்க்கான்சா தி ரிஸ்பெத்தோ’ என்பது மரியாதைக் குறைவு. இவ்விடங்களில் ‘குறை’ என்னும் நம் சொல் போதும்.

வேறு சில இடங்களுக்குத் ‘தவறு’ பொருந்துகிறது. எறிந்தது இலக்கில் படாவிட்டாலும் ‘மன்க்காரே’தான், இலக்குத் தவறியது என்போம். ‘நோன் மன்க்கெரோ’ என்பது “தவறாமல் வருவேன்” என்ற வாக்குறுதி. ஒருவரின் மரணத்தை மென்மையாகச் சொல்லும்போது ‘எ மன்க்காத்தோ’ என்பார்கள். தமிழிலும் “அவர் தவறிவிட்டார்” என்கிறோம் அல்லவா? இலக்கு, வாக்கு, மரணம் என்ற மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கும் பழக்கம் இத்தனை தொலைவிலுள்ள இரு மொழிகளிலும் இருப்பது வியப்பாக இருக்கிறது.

ஆனால், இந்தச் சொல்லின் மிக நெருக்கமான பொருள் இன்னும் மீதமிருக்கிறது. பிரிந்திருக்கும் ஒருவரிடம் ‘மி மன்க்கி’ என்று சொல்வார்கள். ‘மி’ என்றால் எனக்கு. ‘மன்க்கி’ என்பது முன்னிலை ஒருமை வடிவம். “எனக்கு நீ இல்லாதிருக்கிறாய்” என்று அதை விரிக்கலாம். ஆங்கிலத்தில் எழுவாயாக நிற்பது ‘நான்’. இத்தாலி மொழியில் எழுவாய் ‘நீ’. பிரிவை உணர்பவர் ‘எனக்கு’ என்று ஒதுங்கி நிற்கிறார்.

சென்ற விடுமுறையில், மாமி மகளின் நான்கு வயது மகன் எங்கள் உம்மும்மாவுக்கு ஒரு குரற்செய்தி அனுப்பினான். அவனுக்குத் தமிழைவிட இத்தாலி மொழியே நன்றாக வருகிறது. ‘மி மன்க்கா லா நோன்னா’ என்றான். ‘நோன்னா’ என்றால் பாட்டி. கைப்பேசியின் மொழிபெயர்ப்பில் இட்டால், “நான் பாட்டியைத் தவறவிடுகிறேன்” என்று வந்தது. ஆங்கிலத்தில் பஸ்ஸைத் தவறவிடுவதற்கும் ஆளைப் பிரிந்து வாடுவதற்கும் ஒரே சொல்தான். அந்தப் பாலத்தின் வழியே வந்ததனால்தான் இந்தக் கோலம் என்று நினைக்கிறேன். “அவன் உங்களை நினைத்து ஏங்குகிறான்” என்று நான் விளக்கத் தொடங்கியபோது உம்மும்மா இடைமறித்தார்.

“புள்ளைக்கு என்னத் தேடுதாம். அதத்தானே சொல்றான்?”

அதையேதான் சொன்னான். “எனக்கு உன்னைத் தேடுது” என்ற வாக்கியத்தைக் கவனியுங்கள். இங்கும் ‘நான்’ இல்லை, ‘எனக்கு’ இருக்கிறது. தேடுவது யார் என்று கேட்டால் விடையில்லை. ‘தேடுது’ என்ற அஃறிணை வினை, மனம் தன்பாட்டில் செய்வதைச் சொல்கிறது. இத்தாலி மொழியில் வினை, இல்லாதவருக்கேற்ப மாறும். தமிழில் யாரைத் தேடினாலும் ‘தேடுது’தான். இலக்கணம் வேறுபட்டாலும் இரண்டு வாக்கியங்களும் ‘எனக்கு’ என்ற இடத்தில் சந்திக்கின்றன. ஆங்கிலத்தின் வழியாக வந்திருந்தால் அந்தச் சந்திப்பு நமக்குத் தெரிந்திருக்காது. இத்தாலிய நூல்கள் பல ஆங்கிலத்தின் ஊடாகத் தமிழுக்கு வந்திருப்பதால், இது வீட்டுக்குள் மட்டும் அடங்கும் விடயமும் அல்ல.

ஆகவே, ‘மன்க்காரே’க்குத் தமிழில் என்ன என்று ஒரு சொல்லைத் தேடுவதில் பயனில்லை. இல்லாதது எது, யாருக்கு இல்லை என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டால் காணாது, போயிற்று, குறைச்சல், தவறாமல், தேடுது என்று உரிய சொல் தானே வரும். அந்தச் சொற்களிற் பல நம் வீட்டுப் பெரியவர்களின் பேச்சில் இருக்கின்றன.

தோழியரே, உயர்தர வகுப்பு முடிந்து நாம் பிரியும் நாள் தொலைவில் இல்லை. ஓட்டோகிராப் ஏடுகளில் ‘மிஸ் பண்ணுவேன்’ என்று எழுதப் பேனாவை எடுப்பவர்கள் ஒரு கணம் யோசியுங்கள். “எனக்கு உன்னைத் தேடும்” என்று எழுதினால், படிப்பவளுக்கு அது நம் வீட்டுக் குரலில் கேட்கும்.