50 பேருக்கு ஒரு மணி நேரத்தில் பலகாரம்!
சமைக்கிறவரும் தேர் பார்க்கலாம்

ஆடிப் பூரம்!

ஆண்டாள் பிறந்த நாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் ஓடும் நாள். பக்கத்து ஊரான ராஜபாளையத்திலும் பல வீடுகளில் விருந்தாளிகள் வந்து இறங்கிவிடுவார்கள். 10 பேர் வருவதாகச் சொல்லியிருப்பார்கள். வாசலில் 50 பேர் நிற்பார்கள்!

எல்லாரும் தேர் பார்க்கப் போவார்கள். ஒருவர் மட்டும் போகமாட்டார். அவர்தான் வீட்டுக்கார அம்மாள்.

சப்பாத்தி என்றால் 200 தேய்க்க வேண்டும். இட்லி என்றால் ஈடு ஈடாக ஊற்ற வேண்டும். தேர் நிலைக்கு வந்து சேர்ந்துவிடும். அவர் அடுப்படியைவிட்டு வந்திருக்கமாட்டார்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. சேமியா அல்லது நூடுல்ஸ்!

புதிய பலகாரமா?

நூடுல்ஸ் என்றால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். "அது சீனாக்காரன் சாப்பாடு" என்பார்கள்.

சீனாவில் அது மிகப் பழையதுதான். லாஜியா என்ற இடத்தில் மண்ணுக்குள் ஒரு கிண்ணம் கிடைத்தது. அதற்குள் நூடுல்ஸ் இருந்தது. அது சுமார் 4 ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது என்று 2005-ல் ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள்.

ஆனால், நம் இடியாப்பமும் சேவையும் யார்? நூடுல்சுக்கு உடன்பிறப்புகள்தானே! தமிழர்களின் இடியாப்பம் மலேசியாவுக்கும் போயிருக்கிறது. அங்கே அதற்குப் பெயர் "புட்டு மாயம்". தேங்காய்ப் பூவும் சர்க்கரையும் சேர்த்துச் சாப்பிடுகிறார்கள்.

இடியாப்பத்துக்குத் திருநெல்வேலிச் சொதி நல்ல ஜோடி. ஆனால், 50 பேருக்கு 250 இடியாப்பம் பிழிய வேண்டும். பிழிகிறவர் கை என்ன ஆகும்? உதவிக்கு நாலு பேர் இருந்தால் செய்யுங்கள். ஆள் இல்லையென்றால் சேமியாதான் நல்லது.

கஞ்சிதான் எதிரி

"சேமியா குழைந்து களி ஆகிவிடுகிறதே!" என்று பலர் பயப்படுகிறார்கள். அதற்குக் காரணம் என்ன?

ராஜபாளையம் நூல் ஊர். 1936-ல் ராஜபாளையம் மில் தொடங்கியது. அதன்பின் பல பஞ்சாலைகள் வந்தன. பக்கத்துச் சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் துணி நெய்கிறார்கள். பாவு நூலுக்குக் கஞ்சி போடுவது நெசவாளர்களுக்குத் தெரியும். கஞ்சி காயும்போது நூலோடு நூல் ஒட்டும். அதைப் பிரித்துவிட வேண்டும்.

சேமியா வேகும்போதும் கஞ்சி வெளியே வருகிறது. தண்ணீர் குறைவாக இருந்தால் கஞ்சி கெட்டியாகும். இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும். 4 கிலோவையும் ஒரே அண்டாவில் கொட்டிக் கிளறினால் களிதான் கிடைக்கும்!

செய்யும் முறை

50 பேருக்கு 4 கிலோ சேமியா போதும். முதல் நாள் இரவே அதைப் பொன்நிறமாக வறுத்து, ஆறவைத்து, டப்பாவில் மூடிவிடுங்கள். அது கெடாது.

தேர் பார்த்துவிட்டு வந்ததும் இரண்டு அடுப்பு மூட்டுங்கள். ஒவ்வொரு அண்டாவிலும் 8 லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு கைப்பிடி உப்புப் போடுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். பிறகு அண்டாவுக்கு ஒரு கிலோ சேமியா போடுங்கள்.

இரண்டு, மூன்று நிமிடம் போதும். ஓர் இழையை எடுத்து நசுக்கிப் பாருங்கள். நசுங்க வேண்டும், குழையக்கூடாது. உடனே அரிகரண்டியால் அரித்துக் கூடையில் போடுங்கள். குடிக்கிற தண்ணீரை மேலே ஊற்றி அலசுங்கள். கஞ்சி போய்விடும். அகலமான தாம்பாளத்தில் பரப்பி, இரண்டு கரண்டி நல்லெண்ணெய் தெளியுங்கள். அதே தண்ணீரை மறுபடி கொதிக்கவிட்டு, மீதி இரண்டு கிலோவையும் இப்படியே வேகவையுங்கள்.

அடுத்தது தாளிதம். கடுகு, உளுந்தம் பருப்பு, மிளகாய் வற்றல், கறிவேப்பிலை, மஞ்சள் தூள். கிலோவுக்கு 100 கிராம் வேர்க்கடலை சேர்க்கலாம். அடுப்பை அணைத்த பிறகு, கிலோவுக்கு 5 எலுமிச்சம் பழம் பிழியுங்கள். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் கசக்கும். தாளிதத்தைத் தாம்பாளத்தில் கொட்டி, கரண்டிக் காம்பால் அள்ளி அள்ளிக் கலக்குங்கள். மசிக்காதீர்கள்.

பிள்ளைகள் நூடுல்ஸ் கேட்டால் அதையும் இப்படியே வேகவைக்கலாம். முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸ், குடை மிளகாய் ஆகியவற்றை மெல்லியதாக நறுக்கி வதக்கிக் கலந்துவிடுங்கள். கொஞ்சம் சோயா சாஸ் ஊற்றினால் உப்பைக் குறைக்க வேண்டும். சோயா சாஸிலேயே உப்பு இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை

காலையிலேயே வேகவைத்து மூடிவிட்டுப் போகாதீர்கள். ஆடி மாத வெக்கையில் கெட்டுவிடும். செய்த பலகாரத்தை இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறிவிட வேண்டும்.

முதல் நாள் வறுக்க ஒரு மணி நேரம். வந்த பிறகு ஆக்க ஒரு மணி நேரம். இடையில் உள்ள நேரம் எல்லாம் வீட்டுக்கார அம்மாளுக்குச் சொந்தம்!

அடுத்த ஆடிப் பூரத்துக்கு அவரும் தேர் வடம் பிடிக்கட்டும்.