புகார் நோட்டு போதுமா, மென்பொருள் வேண்டுமா?

கம்பு மாவு, மரச்செக்கு எண்ணெய், நாட்டுச் சர்க்கரை என்று விளைபொருளை மதிப்புக் கூட்டி நேரடியாக விற்கத் தொடங்கிவிட்டீர்களா? அப்படியானால் பாக்கெட்டில் அச்சிட்ட செல்போன் எண்ணுக்கு அழைப்புகளும் வரத் தொடங்கியிருக்கும். ‘பார்சல் இன்னும் வரவில்லை’, ‘பாட்டில் கசிந்துவிட்டது’, ‘மாவு கசக்கிறது’, ‘போன தடவை வாங்கியதே 5 கிலோ அனுப்புங்கள்’. மாதம் 20 அழைப்பு வரும்வரை நினைவில் வைத்தே சமாளிக்கலாம். 200 ஆகும்போது முடியாது. அந்த நேரத்தில்தான் வாடிக்கையாளர் சேவை மென்பொருளை விற்பவர் உங்களைத் தேடி வருவார்.

எந்த மென்பொருள் நல்லது என்று கேட்பதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். உங்கள் வாடிக்கையாளரின் பெயர், எண், அவர் சொன்ன குறை எல்லாம் இப்போது யாரிடம் இருக்கின்றன?

ஆள் போனால் தகவலும் போகும்

பல உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களில் ஆர்டர் எடுக்கும் இளைஞரின் சொந்த செல்போனில்தான் மொத்த விவரமும் இருக்கிறது. அவர் வேறு வேலைக்குப் போனால் வாடிக்கையாளர்களும் கூடவே போய்விடுவார்கள். 2020-ல் தொடங்கிய மத்திய அரசின் 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் திட்டத்தில் நிர்வாகச் செலவுக்கான உதவி 3 ஆண்டுகளுக்குத்தான். அதிகபட்சம் 18 லட்சம் ரூபாய். அதன்பிறகு சம்பளத்தைச் சொந்த வருமானத்திலிருந்தே தர வேண்டும். ஆட்கள் மாறும் காலம் அது. ஆகவே நோட்டோ மென்பொருளோ, வாடிக்கையாளர் பதிவு நிறுவனத்தின் சொத்தாக இருக்க வேண்டும்.

இதற்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. நிறுவனத்தின் பெயரில் ஒரு சிம் கார்டு வாங்குங்கள். நிறுவனத்துக்கென ஒரு மின்னஞ்சல் கணக்கு தொடங்குங்கள். வாட்ஸ்அப்பின் 6 இலக்க ரகசிய எண்ணும் மின்னஞ்சல் கடவுச்சொல்லும் இயக்குநர்களில் இருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

முதலில் 15 நாள் நோட்டு

ஒரு நீள நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். தேதி, பெயர், செல்போன் எண், பொருள், பேட்ச் எண், குறை, யார் கவனிக்கிறார், என்ன செய்தோம், முடிந்த தேதி என 9 கட்டங்கள் போடுங்கள். 15 நாள் எதையும் விடாமல் எழுதுங்கள்.

இதில் பேட்ச் எண்ணை மட்டும் தவறவிடாதீர்கள். கம்பில் கொழுப்புச் சத்து அதிகம். அரைத்த மாவு சில நாட்களிலேயே கசக்கத் தொடங்கும். திருச்சி, சேலம், சென்னை என 3 ஊர்களிலிருந்து ‘மாவு கசக்கிறது’ என்று அழைப்பு வருவதாக வைத்துக்கொள்வோம். மூன்று பேரிடமும் 3 பேர் பேசி, மன்னிப்புக் கேட்டு, வேறு பாக்கெட் அனுப்பிவிட்டால் கணக்கு அதோடு முடிந்துவிடும். நோட்டில் பேட்ச் எண் இருந்தால், மூன்றும் ஒரே நாள் அரைத்த மாவு என்பது கண்ணில் படும். குடோனில் மீதி இருக்கும் அந்த பேட்சை உடனே நிறுத்தலாம். அனுப்பிவிட்ட கடைகளுக்கும் முன்கூட்டியே சொல்லலாம்.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. பாக்கெட் உணவுப் பொருளில் பேட்ச் எண் அச்சிட்டிருக்க வேண்டும். எடையளவுச் சட்டத்தின் 2011-ம் ஆண்டு பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி, புகார் சொல்லத் தொடர்புகொள்ள வேண்டியவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவையும் இருக்க வேண்டும். இணையவழி வர்த்தகத்துக்கான 2020-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன. நீங்கள் பதில் தராவிட்டால் வாடிக்கையாளர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அங்கே பேச்சு எடுபடாது. தேதி போட்ட பதிவுதான் உதவும்.

மூன்று படிகள்

15 நாள் கழித்து நோட்டை எண்ணிப் பாருங்கள்.

ஒருவரே அழைப்புகளைக் கவனிக்க முடிகிறது, குறைகளும் ஒரு நாளைக்கு நாலைந்துதான் என்றால் நோட்டும் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியும் போதும். இந்தச் செயலி இலவசம். பொருள் பட்டியலைப் படத்துடன் வைக்கலாம். அடிக்கடி வரும் கேள்விகளுக்கான பதிலை எழுதி வைத்து ஒரே தட்டில் அனுப்பலாம். ‘பணம் வந்தது’, ‘பார்சல் அனுப்பியாச்சு’, ‘புகார்’ என்று உரையாடல்களுக்கு லேபிள் ஒட்டலாம்.

இரண்டு மூன்று பேர் பதில் சொல்கிறார்கள் என்றால் அடுத்த படி. அதே வாட்ஸ்அப் எண்ணை மேலும் 4 கருவிகளில் இணைத்துக்கொள்ளலாம். நோட்டின் 9 கட்டங்களைக் கூகுள் ஷீட்டில் போட்டுவிட்டால் எல்லோரும் ஒரே பதிவைப் பார்ப்பார்கள். இதற்கும் செலவில்லை.

செல்போன், மின்னஞ்சல், வாட்ஸ்அப், இணையதளம் என நாலு பக்கமும் புகார் வந்து, ஒருவருக்கே இருவர் பதில் சொல்வதும் இன்னொருவருக்கு யாருமே சொல்லாததும் நடக்கிறதா? அப்போதுதான் மென்பொருள் தேவை. அது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து, ஒவ்வொரு புகாருக்கும் ‘டிக்கெட்’ என்ற பெயரில் ஒரு எண் கொடுத்து, ஒரு ஆளின் பொறுப்பில் விடும். முடியாத புகாரை நினைவூட்டும். இந்தத் துறையில் உலக அளவில் விற்கும் இரண்டு மென்பொருட்கள் நம் ஊரில் வளர்ந்தவை. ஒன்று, சோஹோ நிறுவனத்தின் சோஹோ டெஸ்க். மற்றொன்று, 2010-ல் சென்னையில் தொடங்கிய ஃபிரெஷ்வொர்க்ஸ் நிறுவனத்தின் ஃபிரெஷ்டெஸ்க்.

விலையை லிட்டரில் கணக்கிடுங்கள்

இவற்றின் கட்டணம் பெரும்பாலும் ஒரு ஆளுக்கு, ஒரு மாதத்துக்கு என்றுதான் இருக்கும். மாதம் 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 பேருக்கு ஆண்டுக்கு 43,200 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி 7,776 ரூபாய். மொத்தம் 50,976 ரூபாய். கடலை எண்ணெயில் லிட்டருக்கு 40 ரூபாய் மிஞ்சுகிறது என்றால், ஏறத்தாழ 1,275 லிட்டர் விற்ற லாபம் இதற்கே போய்விடும். அத்தனை லிட்டர் விற்பனையை அது காப்பாற்றித் தருமா என்று பாருங்கள்.

வாட்ஸ்அப்பை மென்பொருளோடு இணைத்தால் இன்னொரு செலவு உண்டு. வாடிக்கையாளர் அனுப்பிய செய்திக்கு 24 மணி நேரத்துக்குள் பதில் அனுப்பினால் வாட்ஸ்அப் கட்டணம் வாங்குவதில்லை. அதைத் தாண்டினால் முன்கூட்டியே அனுமதி பெற்ற வாசகத்தைத்தான், கட்டணம் கட்டி அனுப்ப முடியும். இணைத்துத் தரும் நிறுவனம் தனியாகவும் கட்டணம் கேட்கலாம். பழைய உரையாடல்கள் என்னவாகும், அதே எண்ணைச் செல்போனிலும் தொடர்ந்து பயன்படுத்தலாமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வாங்கும் முன் 5 சோதனை

இலவசமாகச் சோதித்துப் பார்க்கும் காலம் தருவார்கள். விற்பவரைச் செய்துகாட்டச் சொல்லாதீர்கள். உங்கள் அலுவலகத்தில் அழைப்பை எடுப்பவர் கையிலேயே கொடுத்து, நோட்டில் உள்ள உண்மையான 20 புகார்களைப் பதியச் சொல்லுங்கள்.

1. ‘மாவு கசப்பு’ என்று தமிழில் பதிந்து, அதே சொல்லால் தேடினால் கிடைக்கிறதா?

2. பேட்ச் எண்ணுக்குத் தனிக் கட்டம் சேர்க்க முடிகிறதா? ஒரு பேட்சுக்கு வந்த புகார்களை மட்டும் பிரித்துப் பார்க்க முடிகிறதா?

3. சிக்னல் குறைவான இடத்தில், சாதாரண ஆண்ட்ராய்டு செல்போனில் வேலை செய்கிறதா?

4. வேலையை விட்டுப் போனவரின் அனுமதியை அன்றைக்கே நிறுத்த முடிகிறதா?

5. எல்லா விவரங்களையும் எக்செல் கோப்பாக நீங்களே இறக்கிக்கொள்ள முடிகிறதா? சந்தாவை நிறுத்தினால் எத்தனை நாள் பதிவுகளை வைத்திருப்பார்கள்?

ஐந்தாவதில் தேறாததை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்க வேண்டாம். முதல் ஆண்டு மாதச் சந்தாவே நல்லது. ஆண்டுச் சந்தாவில் தள்ளுபடி கிடைக்கும். ஆனால் பிடிக்காவிட்டால் கட்டிய பணம் திரும்பாமல் போகலாம். வாடிக்கையாளர் எண்களை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள். அவற்றைப் பாதுகாக்கும் பொறுப்பு, 2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உங்களுடையது.

உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு வழிகாட்டும் வேளாண் அலுவலர்கள், இயக்குநர் கூட்டங்களில் விற்பனைக் கணக்கோடு புகார் கணக்கையும் வைக்கச் சொல்லலாம். இந்த மாதம் எத்தனை வந்தது, எந்த பேட்ச், எத்தனை இன்னும் முடியவில்லை என்ற மூன்று எண்கள் போதும். கசந்த மாவுக்கான காரணம் அரவையிலா, காய்ச்சலிலா, பாக்கெட்டிலா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

இன்றைக்கே நீள நோட்டை வாங்கி, முதல் புகாரைப் பேட்ச் எண்ணோடு எழுதுங்கள். 15 நாள் கழித்து மென்பொருள் விற்பவர் வந்தால், அந்த நோட்டை மேசையில் வைத்துவிட்டுப் பேசத் தொடங்குங்கள்.