பிடித்ததைப் பிடித்தவர்கள்

கல்யாண வீடானாலும் சரி, கோயில் திருவிழாவானாலும் சரி, இன்று வீட்டுக்கு நாலு காமிரா வந்து நிற்கிறது. செல்போன் என்ற பெயரில் சட்டைப் பையிலேயே குடியிருக்கிறது. "எதைப் படம் பிடிக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "எல்லாவற்றையும்தான்" என்று பதில் வரும். எல்லாவற்றையும் பிடித்துச் சேர்த்தவர் ஒரு வருஷம் கழித்து எடுத்துப் பார்த்தால், அதில் பத்துப் படம் தேறுவது கஷ்டம்.

தமக்குப் பிடித்தது எது என்று முதலில் முடிவு செய்துகொண்டு, அதன் பின்னாலேயே வாழ்நாள் முழுவதும் காமிராவோடு அலைந்தவர்கள் சிலர் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்குப் பெயர்போன ஊர் பெங்களூர். அவர்களில் முக்கியமான ஒருவர் தமிழர் என்பது இங்குள்ள நம்மவர்களிலேயே பலருக்குத் தெரியாது.

தஞ்சாவூரிலிருந்து வந்தவர்

டி.என்.ஏ. பெருமாள் 1932ல் தஞ்சாவூரில் பிறந்தவர். பெங்களூரில் வாழ்ந்து, 2017 பிப்ரவரியில் இங்கேயே காலமானார். பறவைகளையும் காட்டு விலங்குகளையும் படம் பிடிப்பதில் இந்தியாவின் முன்னோடிகளில் ஒருவர். பன்னாட்டுப் புகைப்படக் கலைச் சம்மேளனம் மிகச் சிலருக்கே வழங்கும் 'மாஸ்டர்' பட்டம் பெற்றவர். அவருக்கு இந்த வித்தையைக் காட்டிக்கொடுத்தவர் பெங்களூரைச் சேர்ந்த ஓ.சி. எட்வர்ட்ஸ். கற்றதைப் பெருமாள் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. தமக்குப் பின்னால் வந்த இளைஞர்கள் பலருக்குச் சொல்லிக் கொடுத்தார். காட்டு விலங்குகளைப் படம் எடுப்பது பற்றிப் புத்தகமும் எழுதினார்.

அவர் படம் எடுக்கத் தொடங்கிய காலத்தை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்கினால்தான் புரியும். அன்று பிலிம் சுருள். பெரிய சுருளில் 12 படம், சிறிய சுருளில் 36 படம், அவ்வளவுதான். ஒவ்வொரு 'கிளிக்'குக்கும் காசு. வெளிநாட்டு பிலிம் கிடைப்பதும் அரிது. ஊட்டியில் 1960ல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிம் தயாரித்து விற்கத் தொடங்கிய பிறகுதான் சாதாரணக் கடைகளிலும் சுருள் சுலபமாகக் கிடைத்தது. எடுத்த படம் விழுந்ததா இல்லையா என்பது இருட்டறையில் கழுவிப் பார்க்கும் வரை தெரியாது. காட்டிலிருந்து ஊருக்குத் திரும்பிய பிறகுதான் அந்தச் சோதனையே.

ஆக, கண்ணில் பட்டதையெல்லாம் சுடுவதற்கு மாதச் சம்பளக்காரரால் முடியாது. எதைப் பிடிப்பது என்று யோசித்துத்தான் ஆகவேண்டும். அந்தத் தலைமுறை இவ்வளவு அழுத்தமாக ஒரு விஷயத்தைப் பற்றிக்கொண்டதற்கு ரசனை மட்டும் காரணமல்ல, பணமுடையும் ஒரு காரணம் என்றே சொல்லவேண்டும்.

பறவையைத் தேர்ந்தெடுப்பவர் பொறுமையையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார். இலை தழைகளால் மறைப்புக் கட்டி, அதற்குள் மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருக்கவேண்டும். கால் மரத்துப் போகும், கொசு பிடுங்கும், இருமல் வந்தால் விழுங்கவேண்டும். பறவை எந்தக் கிளையில் வந்து உட்காரும், எந்த நேரத்தில் வரும், வெயில் அப்போது எந்தப் பக்கம் விழும் என்பதெல்லாம் பல நாள் பார்த்தவருக்கே தெரியும். பல நாள் பார்ப்பதற்கு அந்தப் பறவை மீது ஆசை இருக்கவேண்டும்.

மந்திரியும் மயிலாப்பூர்க்காரரும்

பணமுடை இல்லாதவர் ஒருவரும் இந்தக் கூட்டத்தில் இருந்தார். எம்.ஒய். கோர்படே. பெல்லாரிப் பக்கம் சந்தூர் சமஸ்தானத்து அரச குடும்பத்தில் 1931ல் பிறந்தவர். 1972லிருந்து 77 வரை தேவராஜ் அர்ஸ் மந்திரிசபையில் நிதி மந்திரி. பட்ஜெட் கணக்குக்கு நடுவிலும் காட்டுக்குப் போய் யானையையும் கரடியையும் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தவர். அவருடைய படங்களும் குறிப்புகளும் அடங்கிய புத்தகம் 1983ல் வெளியாயிற்று. பெருமாளைப் போலவே அவரும் 'மாஸ்டர்' பட்டம் பெற்றவர். அவருடைய சொந்த ஊர்ப் பக்கத்திலுள்ள தரோஜி, இன்று கரடிகளுக்கென்றே ஒரு சரணாலயம்.

இதே சந்தூருக்கு, கோர்படே சிறுவனாக இருந்த 1942ல், பிழைப்புத் தேடி ஒரு தமிழர் வந்து சேர்ந்தார். அவர்தான் மா. கிருஷ்ணன். தமிழ் நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். மயிலாப்பூரில் வளர்ந்தவர். சமஸ்தானத்தில் வாத்தியார், நீதிபதி, விளம்பர அதிகாரி என்று பல வேலை பார்த்தார். ஏழு வருஷம் அங்கேதான். இந்தியாவோடு சமஸ்தானம் இணைந்த பிறகு சென்னைக்குத் திரும்பினார். அதற்குப் பிறகு நிலையான உத்தியோகம் என்று எதற்கும் போகவில்லை. எழுத்தும் காமிராவும்தான் சோறு போட்டன.

கிருஷ்ணன் பற்றிக்கொண்டது யானையை. வண்ண பிலிம் வந்து உலகமே மாறிய பிறகும் அவர் கறுப்பு வெள்ளையை விடவில்லை. ஒரு விதத்தில் யானைக்கு அதுவே பொருத்தம். யானைக்கு ஏது வண்ணம்? தோலின் சுருக்கமும், காதின் மடிப்பும், நிழலுக்குள் நிற்கும் அந்தப் பெரிய உருவமுமே யானை. முதுமலையில் பழக்கிய யானையின் மேல் ஏறிக்கொண்டு, காட்டு யானைக் கூட்டத்துக்குப் பக்கத்தில் போய் எடுப்பார். காமிரா? ஒன்றின் உடம்பையும் வேறொன்றின் லென்ஸையும் ஒட்டவைத்துத் தாமே உருவாக்கியது. அதன் கனத்தைக் கேலி செய்கிற மாதிரி அதற்கு 'சூப்பர் பாண்டரோஸா' என்று பெயரும் வைத்திருந்தார். விலை உயர்ந்த காமிரா இல்லை என்று குறைப்படுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

அவர் தேடியது அழகான யானையை அல்ல, யானையின் அன்றாட வாழ்க்கையை. ஆங்கில நாளேடு ஒன்றில் 1950லிருந்து 46 வருஷம் பத்தி எழுதினார். 1960ல் பத்மஸ்ரீ. அவருடைய கடைசிப் பத்தி அச்சாகி வந்த 1996 பிப்ரவரி 18ம் தேதியே அவர் காலமானார். தமிழிலும் எழுதியிருக்கிறார். தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற புத்தகத்தைத் தேடிப் படிப்பது நல்லது.

தவளையும் செந்நாயும்

பெரியதைத்தான் பிடிக்கவேண்டும் என்று சட்டமா? பெங்களூரைச் சேர்ந்த கே. ஜெயராம் பெயர் பெற்றது பூச்சி, தவளை போன்ற சின்னஞ்சிறு ஜீவன்களைப் பெரிதாக்கிக் காட்டும் படங்களால். மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் ஒரு மரத்தவளைக்கு 2009ல் விஞ்ஞானிகள் அவருடைய பெயரையே சூட்டினார்கள். பத்மஸ்ரீ பலருக்குக் கிடைக்கும். தவளைக்குத் தன் பெயர் கிடைத்தவர்கள் எத்தனை பேர்?

மைசூர்க்காரர்களான கிருபாகர், சேனானி இருவரும் யாரும் விரும்பாத ஒரு பிராணியைத் தேர்ந்தெடுத்தார்கள். செந்நாய். ஒரு காலத்தில் அதைக் கொன்று வாலைக் கொண்டுபோய்க் கொடுத்தால் சர்க்காரே சன்மானம் கொடுத்தது. பந்திப்பூர்க் காட்டில் அந்தச் செந்நாய்க் கூட்டங்களின் பின்னாலேயே இருவரும் பல வருஷம் திரிந்தார்கள். 1997ல் வீரப்பன் ஆட்கள், யாரோ பெரிய அதிகாரிகள் என்று நினைத்து அவர்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். 14 நாள் காவலில் இருந்துவிட்டு உயிரோடு திரும்பினார்கள். வேறு யாராக இருந்தாலும் அதோடு காட்டுக்கு ஒரு கும்பிடு போட்டிருப்பார்கள். இவர்கள் மறுபடியும் செந்நாயிடமே போனார்கள். அவர்கள் எடுத்த செந்நாய்ப் படத்துக்கு 2010ல், 'பசுமை ஆஸ்கர்' என்று வழக்கமாகச் சொல்லப்படும் பரிசு கிடைத்தது.

காட்டுக்கே போகாதவர்களுக்கும் ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் வெர்மான்ட் என்ற பனிப் பிரதேசத்தில் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி இருந்தார். தம் பண்ணையில் வந்து விழும் பனித் துகளையே படம் பிடிப்பது என்று தீர்மானித்தார். உருப்பெருக்கிக் கண்ணாடியில் காமிராவைப் பூட்டி, 1885 ஜனவரியில் முதல் படத்தை எடுத்தபோது அவருக்கு வயது 19. மூச்சுக் காற்று பட்டால் துகள் உருகிவிடும். மூச்சை அடக்கிக்கொண்டு எடுக்கவேண்டும். 1931ல் இறக்கும் வரை 5,000க்கும் மேற்பட்ட பனித் துகள்களைப் படம் எடுத்தார். வீட்டு வாசலில் விழுந்ததை வைத்தே உலகப் புகழ் பெற்றுவிட்டார்.

கூட்டைக் கலைத்து ஒரு படமா?

பிடித்ததைப் பிடிக்கிறேன் என்று அதற்கே எமனாகிவிடுபவர்களும் இருக்கிறார்கள். முன்பு பறவைப் படம் என்றாலே கூட்டுப் படம்தான். தாய்ப்பறவை எப்படியும் குஞ்சுக்கு இரை கொண்டுவரும் என்பதால் படம் நிச்சயம். ஆனால் மறைக்கும் கிளையைக் கொஞ்சம் ஒடித்துவிட்டால் போதும். குஞ்சுகள் மேல் வெயில் அடிக்கும். காக்கைக்கும் பருந்துக்கும் கூடு தெரிந்துவிடும். இவர் படத்தோடு வீடு திரும்புவார். குஞ்சுகளின் கதி? இந்தக் காரணத்தால்தான் இன்று பல போட்டிகளில் கூட்டுப் படங்களை ஏற்பதில்லை. சரணாலயத்துக்குள் படம் எடுப்பதற்கு அனுமதி பெறவேண்டும் என்று 1972ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. செல்போன் கையில் இருப்பதால் சட்டம் நமக்கில்லை என்று நினைப்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள்.

நாம் பிடிப்பதற்குள் பிடித்தது இல்லாமலே போய்விடுவதும் உண்டு. ராமநகரம் பாறைகளை 'ஷோலே' படத்தில் பார்க்காதவர்கள் இருக்கமுடியாது. அந்தப் பாறை இடுக்குகளில் கழுகு இனத்தைச் சேர்ந்த பாறுகள் கூடு கட்டி வாழ்ந்தன. பிணந்தின்னிக் கழுகு என்று நாம் முகம் சுளிப்போமே, அதுதான். மாடுகளுக்குப் போடும் டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியாகப் பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து நாடு முழுவதும் அவற்றை அழித்துவிட்டது. மாட்டு வைத்தியத்தில் அந்த மருந்து 2006ல் தடை செய்யப்பட்டது. 2012ல் ராமநகரம் பாறுகளுக்கென்றே சரணாலயம் ஆயிற்று. ஆனால் இன்று அங்கே பாறுகளைக் காண்பது அபூர்வம். முப்பது, நாற்பது வருஷத்துக்கு முன் மைசூர் ரயிலில் போகும்போது ஜன்னல் வழியே அந்தப் பாறைகளைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் ஒரு பாறுவையாவது படம் எடுத்து வைத்தார்கள்? அன்று அது யாருக்கும் பிடித்த பறவையாக இல்லை.

பக்கத்திலேயே இருக்கிறது

அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் சிவாஜி நகரிலும் இருக்கும் நம்மவர்கள் இதற்காகப் பந்திப்பூருக்கு ஓடவேண்டியதில்லை. பென்ட்லியைப் போல வாசலிலிருந்தே ஆரம்பிக்கலாம். சிவாஜி நகர் இறைச்சிக் கடைகளுக்கு மேலே வட்டமிடும் பருந்தே போதும். ஒரு மாதம் அதை மட்டும் பிடித்துப் பாருங்கள். அது எப்படித் திரும்புகிறது, வாலை எப்படிச் சாய்க்கிறது, எந்த நேரத்தில் கீழே பாய்கிறது என்பது அப்போது தெரியும். பறவை வேண்டாம் என்றால் லால்பாக்கில் ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வருஷம் முழுவதும், இலை உதிர்வதிலிருந்து பூப்பது வரை பிடிக்கலாம். ஐதர் அலி காலத்துத் தோட்டம் அது, மரத்துக்குக் குறைவில்லை. மலர்க் கண்காட்சி நாளில் மட்டும் போகாதீர்கள். மரம் தெரியாது, தலைதான் தெரியும்.

திரும்பத் திரும்பப் போகமுடிகிற இடமா என்பதையே முதலில் பார்க்கவேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை போகும் காட்டில் புலி கிடைத்தாலும் அது அதிர்ஷ்டம். வேலைக்குப் போகும் வழியில் இருக்கும் ஆந்தைப் பொந்து தினமும் நம்முடையது. புள்ளி ஆந்தை ஜோடி ஒரு பொந்தைப் பிடித்துவிட்டால் லேசில் இடம் மாறாது. பொழுது சாயும் நேரத்தில் வெளியே வந்து உட்காரும். ஒளி வீசும் 'பிளாஷ்' மட்டும் வேண்டாம். இரவில் இரை தேடும் கண் அது.

கொஞ்சம் வெளியே போகலாம் என்றால் மத்தூர் தாலுகாவில் கொக்கரே பெள்ளூர் இருக்கிறது. பெங்களூரிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் ஊருக்கு நடுவே, வீட்டுக் கொல்லைப் புளியமரங்களிலேயே கூடு கட்டுகின்றன. ஊரார் அவற்றை விரட்டுவதில்லை. வீட்டுப் பெண் பிரசவத்துக்கு வந்த மாதிரி பார்த்துக்கொள்கிறார்கள். டிசம்பரிலிருந்து மே வரை போகலாம். மத்தூர் வரை ரயில் இருக்கிறது. அங்கிருந்து வண்டி பிடிக்கவேண்டும். அதிகாலை வெயிலில் போய்ச் சேர்வது உத்தமம். மரத்தடியில் நிற்பவர்கள் பழைய சட்டை போட்டுக்கொண்டு போகவும். மத்தூர் வடையைத் திரும்பி வரும்போது சாப்பிட்டுக்கொள்ளலாம்.