மரபணு இருந்தும் மருந்து குறைவது ஏன்?



பூன் லே பேருந்து முனையத்தில் காலையில் துவாஸ் பேருந்துகளுக்கு நிற்கும் வரிசையைப் பார்த்திருப்பீங்க. அந்தப் பக்கம்தான் துவாஸ் உயிர்மருத்துவப் பூங்கா இருக்கிறது. அங்குள்ள சில ஆலைகளில் மருந்தை உருவாக்குவது உயிருள்ள உயிரணுக்கள்!

அதிகம் பயன்படுவது சீன வெள்ளெலியின் சூலகத்திலிருந்து 1957இல் பிரித்தெடுக்கப்பட்ட 'சிஎச்ஓ' உயிரணு. நமக்கு வேண்டிய புரதத்தின் மரபணுவை அதற்குள் சேர்த்தால், அந்தப் புரதத்தை அது சுரக்கும். இப்படி உருவான, ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு அமெரிக்கா 1987இல் அனுமதி தந்தது.

சரி, சிக்கல் எங்கே? உறைநிலையில் உள்ள ஒரு சிறு குப்பி உயிரணுக்களைப் பல ஆயிரம் லிட்டர் கலனுக்கு ஏற்பப் பெருக்க வேண்டும். ஓர் உயிரணு 20 முறை இரட்டித்தால் 1,048,576 ஆகும். (2ஐ 20 முறை பெருக்கிப் பாருங்க.) இவ்வளவு தலைமுறைகள் கடக்கும்போது சில உயிரணுக்கள் புரதம் சுரப்பதைக் குறைத்துவிடும். வேலை குறைந்த உயிரணு பெரும்பாலும் வேகமாகப் பெருகும். மெல்ல மெல்லக் கலன் முழுவதும் அதன் வாரிசுகளே நிறைந்துவிடும். விளைச்சல் குறையும்; நோயாளிக்குப் போக வேண்டிய மருந்தும் குறையும்.

காரணங்களில் முக்கியமானவை இரண்டு.

1. இழப்பு: சேர்த்த மரபணுவின் பிரதிகள் சில காணாமல் போகின்றன.

2. மௌனம்: மரபணு அப்படியே இருக்கும். ஆனால் அதை இயக்கும் 'ஊக்கி' பகுதியில் மெத்தில் தொகுதிகள் ஒட்டிக்கொள்ளும். விளக்கு கெடவில்லை, சுவிட்ச்சுக்கு மேல் டேப் ஒட்டியாச்சு என்று வைத்துக்கொள்ளுங்க.

இரண்டாவது காரணத்தை நம் ஊரிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். உற்பத்தித்திறன் குறைவதில் மெத்திலேற்றத்துக்குப் பங்குண்டு என்று பயோபோலிஸில் உள்ள உயிர்ச்செயல்முறைத் தொழில்நுட்பக் கழகத்தினர் 2010இல் காட்டினர். மெத்திலேற்றத்தைத் தடுக்கும் சிறு டிஎன்ஏ துண்டு ஒன்றை ஊக்கிக்குள் செருகினால் உற்பத்தி நிலைத்து நிற்கிறது என்று 2014இல் அவர்களே வெளியிட்டனர். நிலையான உயிரணு வரிசையைத் தொடக்கத்திலேயே சோதித்துத் தேர்ந்தெடுப்பதும், மரபணுவை நல்ல இடம் பார்த்துச் சேர்ப்பதும் மற்ற வழிகள்.

தேர்வில் கவனம்! "மரபணு மாறியதால் புரதம் குறைந்தது" என்று பலர் எழுதிவிடுவார்கள். மெத்திலேற்றத்தில் டிஎன்ஏ எழுத்துகளின் வரிசை மாறுவதில்லை. மரபணு வெளிப்பாடு மட்டுமே குறைகிறது. இந்த ஒரு வேறுபாட்டைத் தெளிவாக எழுதினாலே விடை சரியான பாதையில் இருக்கும்.

பயிற்சி: ஓர் உயிரணு வரிசையில் மரபணுப் பிரதிகளின் எண்ணிக்கை குறையவில்லை, ஆனால் தூது ஆர்என்ஏ குறைந்துவிட்டது. மேற்கண்ட இரண்டில் எது காரணமாக இருக்கலாம்? ஏன்? வகுப்பில் கலந்து பேசுங்க.