பரங்கிக் கொடியும் பழ ஈயின் உபத்திரவமும்

ஓசூர், சூளகிரி, கெலமங்கலம், தளி ஆகிய மேட்டுப் பிரதேசங்களில் ஆலைகளும் மனைகளும் பெருகி விளைநிலம் குறுகிவரும் இக்காலத்தில், புறக்கடையிலும் வேலியோரத்திலும் பயிராக்கத்தக்க கொடிகளுள் பரங்கி சிறந்ததாகும். கன்னடர் கும்பளம் என்றும் தெலுங்கர் கும்மடி என்றும் வழங்குவது இதுவே. முற்றிய காயைக் காம்புடன் அறுத்துக் காற்றோட்டமுள்ள உலர்ந்த இடத்தில் வைப்பின், சில மாதங்கள் கெடாதிருக்கும்.

பயிரிடும் முறை: ஆனி, ஆடி மாதங்களிலும், மார்கழி, தை மாதங்களிலும் விதைக்கலாம். 2 மீட்டர் இடைவெளியில் ஓரடி நீள, அகல, ஆழமுள்ள குழிகள் வெட்டி, குழிக்கு 10 கிலோ மக்கிய தொழு உரமிட்டு, 5 விதைகள் ஊன்றுக. முளைத்தபின் செழிப்பான 2 செடிகளை நிறுத்தி மற்றவற்றைக் களைந்துவிடுக.

சிவப்பு வண்டு: இளஞ்செடியின் இலைகளைச் சல்லடைபோல் துளைப்பது இதுவே. அதிகாலையில் மந்தமாயிருக்குமாதலால், கையால் பொறுக்கிச் சோப்பு நீரிலிட்டுக் கொல்லலாம். இதன் புழு மண்ணிலிருந்து வேரைத் தின்னும். ஆகையால் அறுவடை முடிந்தவுடன் நிலத்தைக் கொத்திப் புரட்டுதல் அவசியம்.

பிஞ்சு உதிர்தல்: உதிர்ந்த பிஞ்சை அறுத்துப் பார்த்தலே முதற்காரியம். புழு இல்லையெனில், பெரும்பாலும் மகரந்தம் சேராமையே காரணமாம். ஆண் பூவிலிருந்து பெண் பூவுக்கு மகரந்தத்தைக் கொண்டு செல்வன தேனீக்களே. பூக்கள் காலையில் விரிந்து அன்றே வாடுமாதலால், காலையில் பூச்சிமருந்து தெளித்தல் கூடாது.

புழு இருப்பின், அது பழ ஈயின் வேலை. ஈயானது பிஞ்சின் தோலைத் துளைத்து முட்டையிடும். புழு உள்ளிருந்து சதையைத் தின்று, பின் மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகி, மீண்டும் ஈயாய்க் கிளம்பும். காய்க்குள் இருக்கும் புழுவை மேலே தெளிக்கும் மருந்து எட்டாது.

நிவாரணம்: இப்பகுதியில் மாந்தோப்புகளுக்கு வைக்கும் மீதைல் யூஜினால் பொறி பரங்கிக்குப் பயன்படாது, மாவைத் தாக்குவது வேறு இன ஈயாகும். பரங்கிக்குக் க்யூலூர் பொறியே வேண்டும். அதுவும் ஆண் ஈக்களை மாத்திரமே கவரும். கருவாட்டுத் தூளுடன் முன்னர் சிபாரிசு செய்யப்பட்ட டைகுளோர்வாஸ் மருந்து, 2020 டிசம்பர் 31 முதல் தடைசெய்யப்பட்டதால், அதனை உபயோகித்தலாகாது. பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட அர்க்கா சூர்யமுகி என்னும் ரகம், சுமார் 1 கிலோ எடையுள்ள காய்களைத் தருவதோடு பழ ஈயையும் எதிர்க்கவல்லது.

எல்லாவற்றினும் முக்கியமானது, அழுகிய காய்களை அன்றாடம் பொறுக்கி 2 அடி ஆழத்தில் புதைத்தலாகும். அவற்றைக் குப்பைமேட்டில் எறிதல் ஈயை வளர்ப்பதற்கே ஒப்பாகும். ஒருவர் எவ்வளவு கவனமாயிருப்பினும், அண்டைத் தோட்டத்தில் காய்கள் அழுகிக் கிடந்தால் ஈ வேலி தாண்டி வந்தே தீரும். ஆகவே கிராம அதிகாரிகள், காய்ப்புக் காலத்தில் தெருவுக்கொரு பொதுக்குழி வெட்டச் செய்து, யாவரும் ஒருங்கே இதனை அனுஷ்டிக்கும்படி ஏற்பாடு செய்வது நலம்.