தம்பி திரும்புவானா?

பிறந்த நேரத்துக்குக் கணிப்பது சாதகம். கேள்வி கேட்ட நேரத்துக்குக் கணிப்பது பிரசன்னம். ஆரூடம் என்றும் சொல்வர். பிறந்த நேரம் தெரியாதவர்க்கும் பலன் சொல்லலாம் என்பதால், நகை காணாமற்போனாலும், பெண்ணுக்கு வரன் தள்ளிப்போனாலும், பிள்ளை கோபித்துக்கொண்டு வெளியேறினாலும் நம் வீடுகளில் பிரசன்னம் பார்க்கிறார்கள்.

இதற்கென்றே தனி நூல்கள் உண்டு. வராகமிகிரரின் மகன் பிருதுயசசு இயற்றிய 'சட்பஞ்சாசிகா' 56 சுலோகங்களில் சுருங்கச் சொல்கிறது. கேரளத்தில் 1649-இல் எழுந்த 'பிரசன்ன மார்க்கம்' 32 அத்தியாயங்களில் விரித்துரைக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் தமிழரான கே. எஸ். கிருஷ்ணமூர்த்தி, கேட்பவரை 1 முதல் 249 வரை ஓர் எண் சொல்லச் செய்து, அவ்வெண்ணுக்குரிய இடத்தையே இலக்கினமாகக் கொள்ளும் முறையை வகுத்தார்.

கட்டத்தைப் படிப்பது எப்படி? ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். வீட்டை விட்டுப் போன தம்பி திரும்புவானா என்று அண்ணன் கேட்கிறான். அப்போது உதிக்கும் இராசி மேடம்.

முதலில், இலக்கினமே கேட்பவன். மேடம் சர இராசி. ஆகவே இப்போதுள்ள நிலைமை மாறும் என்பது பொதுவிதி. சிங்கம், கும்பம் போன்ற ஸ்திர இராசியாயின், உள்ளது உள்ளபடியே நீடிக்கும் என்பர்.

அடுத்து, கேள்விக்குரிய வீடு. இளைய உடன்பிறப்புக்கு 3-ஆம் இடம், மூத்தவருக்கு 11-ஆம் இடம், தாய்க்கும் இல்லத்துக்கும் 4-ஆம் இடம். மேடத்துக்கு மூன்றாவது மிதுனம். அதன் அதிபதி புதன். அண்ணனுக்கு உரியவன் மேடத்தின் அதிபதியான செவ்வாய்.

இனி, அவ்விருவரின் உறவைப் பார்க்க வேண்டும். செவ்வாய் சிங்கத்தில் 14-ஆம் பாகையிலும், புதன் தனுசில் 9-ஆம் பாகையிலும் நிற்பதாகக் கொள்வோம். தனுசு 9-ஆம் இடம். தம்பி தொலைவில் இருக்கிறான். இரண்டு இராசிகளும் ஒன்றுக்கொன்று திரிகோணம். அது நட்புப் பார்வை. வேகமாகச் செல்லும் புதன் இன்னும் 5 பாகை நகர்ந்தால் அப்பார்வை நிறைவு பெறும். தாசிக முறையில் இதற்கு இத்தசால யோகம் என்று பெயர். அரபு வழியாக வந்த சொல் அது. "தம்பி திரும்புவான்" என்பது விடை. 5 பாகை என்பது 5 நாளா, 5 வாரமா, 5 மாதமா என்பதில் சோதிடர்களுக்குள் ஒருமை இல்லை.

முறை ஒழுங்கானதுதான். ஆனால் ஒழுங்காக இருப்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடுமா? மேட இலக்கினம் ஏறக்குறைய 2 மணி நேரம் நீடிக்கும். அந்நேரத்தில் இதே கேள்வியை எத்தனை அண்ணன்மார் கேட்டாலும் விடை இதுவே. அத்தனை தம்பிகளும் திரும்பிவிடுவார்களா? ஒரு வாரத்துக்குச் சற்றுப் பின்னர்க் கேட்டால் புதன் செவ்வாயின் பாகையைத் தாண்டியிருப்பான், விடையும் மாறிவிடும். தம்பியிடம் எந்த மாறுதலும் வேண்டியதில்லை.

சாதகத்தைச் சோதித்துப் பார்த்ததுண்டு. விஞ்ஞானி ஜயந்த் நார்லீகர் குழுவினர் 2008-இல் புனேயில் நடத்திய ஆய்வில், படிப்பில் சிறந்த பிள்ளை எது, அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளை எது என்று சாதகத்தைக்கொண்டு பிரித்துச் சொல்லும்படி 27 சோதிடர்களிடம் ஆளுக்கு 40 சாதகங்கள் தரப்பட்டன. சரியாக வந்தவை சராசரி 46 விழுக்காடு. காசைச் சுண்டினாலும் பாதி தேறும் அன்றோ! அது பிரசன்னத்தைப் பற்றிய சோதனை அன்று. ஆயினும் இரண்டும் நிற்பது ஒரே அடித்தளத்தின்மேல்.

அம்மாவின் கலக்கத்தைக் கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதல் ஆரூடத்தில் கிடைக்கலாம். அதை எள்ள வேண்டியதில்லை. ஆனால் "திரும்புவான்" என்ற சொல்லை நம்பித் தேடுவதை நிறுத்துவதும், "திரும்பான்" என்ற சொல்லைக் கேட்டுக் கதவை அடைப்பதும் பெருந்தீங்கு. காணாமற்போனவனைப் பற்றிக் காவல் நிலையத்தில் எழுதிக்கொடுக்க வேண்டும். அவன் நண்பர்களை விசாரிக்க வேண்டும். கோபத்துக்குக் காரணம் சொத்தானாலும் காதலானாலும் அதைப் பேசித் தீர்க்க வேண்டும்.

ஊரை விட்டு இவ்வளவு தொலைவில் படிக்கும் நாமும் ஏதோ ஒரு வீட்டுக்கு ஒன்பதாம் இடத்துப் புதன்தான். வீட்டாரோடு மனத்தாங்கல் உள்ளவர் நம்மில் இருந்தால், அவர்கள் கட்டம் போட்டுப் பார்க்கும்வரை காத்திருக்க வைக்காதீர்கள். இன்று மாலையே தொலைபேசியில் இரண்டு வார்த்தை பேசுங்கள்.