முதுமைக்குத் துணையாகும் இயந்திரக் கை

அரக்கோணம், கூடூர், குண்டக்கல், திருப்பதி ஆகிய நான்கு திசைகளிலிருந்து வரும் இருப்புப்பாதைகள் கூடுமிடம் ரேணிகுண்டா. திருவேங்கடமலைக்குச் செல்லும் முதியவர்கள் பலர் இந்நிலையத்தில் இறங்குகின்றனர். பிழைப்பு நாடிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் செல்லும் இளைஞர்கள் பலர் இவ்வழியே புறப்படுகின்றனர். அவர்கள் விட்டுச் செல்லும் வீடுகளில் வயது முதிர்ந்த பெற்றோர் தனித்திருக்கின்றனர். கீழே விழுந்த கைத்தடியை எடுத்துக் கொடுக்கவும், ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவரவும் அங்கே ஆள் இருப்பதில்லை. இக்குறையைப் போக்க இயந்திரங்கள் எந்த அளவுக்கு உதவும் என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

தேவையின் அளவு

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நமது நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 10.38 கோடிப் பேர், மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். மாற்றுத்திறனாளிகளுள் 69 சதவீதத்தினர் கிராமங்களில் வாழ்பவர்கள். 2050ஆம் ஆண்டில் ஐந்து பேரில் ஒருவர் முதியவராக இருப்பார் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. குடும்பங்கள் சிறுத்துவரும் இக்காலத்தில், முதியோரைப் பேணும் பொறுப்பைக் குடும்பத்தினர் மட்டுமே, அதிலும் பெரும்பாலும் பெண்கள் மட்டுமே, சுமந்து வருவது எளிதன்று.

தூக்குவதும் எடுத்துக் கொடுப்பதும்

வீட்டு உதவிக்கான ரோபோக்களை இரு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, நோயாளியைப் படுக்கையிலிருந்து தூக்குவது. ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனம் 2015இல் அறிமுகப்படுத்திய ‘ரோபேர்’ இவ்வகையைச் சேர்ந்தது. அதன் எடை 140 கிலோ. கைகளை நீட்டி ஒரு மனிதரைத் தாங்கும்பொழுது இயந்திரம் முன்பக்கம் சாய்ந்துவிடக் கூடாது. எனவே அடிப்பாகம் கனமாகவும் அகலமாகவும் அமைய வேண்டியிருக்கிறது. இத்தகைய இயந்திரம் மருத்துவமனைக்குப் பொருந்தலாம். நமது சிறிய வீடுகளுக்குப் பொருந்தாது.

இரண்டாம் வகை, பொருள்களை எடுத்துக் கொடுப்பது. அமெரிக்காவில் 2017இல் ஏரன் எட்சிங்கர், சார்லி கெம்ப் ஆகிய இருவரும் தொடங்கிய ‘ஹலோ ரோபோ’ என்ற சிறு நிறுவனம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். 2020இல் வெளிவந்த அதன் ‘ஸ்ட்ரெச்’ என்னும் ரோபோ ஏறத்தாழ 23 கிலோ எடையே உடையது. சக்கரங்கள் கொண்ட சிறு மேடை, அதன்மேல் ஒரு கம்பம், கம்பத்தில் ஏறி இறங்கும் ஒரே ஒரு நீளும் கை, கை நுனியில் ஒரு பிடிப்பான் ஆகியவையே அதன் உறுப்புகள். சுழலும் லேசர்க் கதிர் சுவர்களின் தூரத்தை அளந்து அறையின் வரைபடத்தை அமைக்கிறது. ஆழத்தை அறியும் கேமரா, எடுக்க வேண்டிய பொருள் எங்குள்ளது என்பதைக் கண்டறிகிறது.

இதனால் விளையும் பயனை ஹென்றி எவன்ஸ் என்பவரின் வாழ்க்கை உணர்த்துகிறது. 2002இல், தமது நாற்பதாம் வயதில், பக்கவாதத்தால் கைகால் அசைவையும் பேச்சையும் இழந்தவர் அவர். தலையசைவைக் கொண்டு கணினி வழியாக ரோபோவை இயக்கி, தாமே முகச்சவரம் செய்துகொள்ளவும், அரிப்பெடுத்த இடத்தைச் சொறிந்துகொள்ளவும் அவரால் முடிந்தது. பிறர் உதவியை எதிர்பாராமல் தம் செயலைத் தாமே செய்தல் என்பதே இங்கு கிடைத்த பெரும் பயனாகும்.

நமது வீட்டுக்கு ஏற்ற வடிவம்

ஆயினும் அயல்நாட்டு இயந்திரத்தை அப்படியே இறக்குமதி செய்வது தீர்வாகாது. 2024இல் வெளிவந்த ‘ஸ்ட்ரெச்’ ரோபோவின் விலை ஏறத்தாழ 25,000 டாலர், அதாவது 20 லட்சம் ரூபாய்க்கும் மேல். விலை ஒருபுறமிருக்க, நமது வீட்டு நிலைப்படி அதன் சிறு சக்கரங்களைத் தடுத்துவிடும். பளபளக்கும் எவர்சில்வர் பாத்திரங்கள் ஒளியைச் சிதறடிப்பதால் கேமராவின் கணிப்பு பிழைபடும். தரையில் பாய் விரித்துப் படுக்கும் பழக்கமும், அடிக்கடி நேரும் மின்தடையும் வடிவமைப்பாளர் கருத்தில் கொள்ள வேண்டியவை.

இதில் நமக்கு முன்னோடி உண்டு. 1968இல் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி. கே. சேத்தியும் உருவாக்கிய செயற்கைக் கால், தரையில் சம்மணமிட்டு அமரவும், வெறுங்காலுடன் வயலில் நடக்கவும் ஏற்றவாறு அமைந்தது. அதனாலேயே அது மக்களிடையே பரவியது. அண்மைக் காலத்தில் சென்னை ஐ.ஐ.டி.யின் மறுவாழ்வுக் கருவி ஆய்வு மையம், அமர்ந்திருப்பவர் எழுந்து நிற்க உதவும் ‘அரைஸ்’ சக்கர நாற்காலியை 2019இல் வெளியிட்டது. அம்மையத்தோடு தொடர்புடைய ‘நியோமோஷன்’ நிறுவனம், சக்கர நாற்காலியின் முன்புறம் பொருத்தி மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வரை செல்லக்கூடிய மின்விசை இணைப்பை உருவாக்கியுள்ளது. பயன்படுத்துவோரின் உடலளவைக் கேட்டு நாற்காலியை அமைப்பது இந்நிறுவனத்தின் சிறப்பு.

ரேணிகுண்டாவின் வாய்ப்பு

வீட்டு ரோபோ ஒன்றுக்கு மின்கலம், மின்னணுச் சுற்றுப் பலகை, மோட்டார், மென்பொருள் ஆகியவை தேவை. ரேணிகுண்டாவை அடுத்த கரகம்பாடியில் 1985இல் தோன்றிய அமர ராஜா நிறுவனம் மின்கலத் தொழிலை இப்பகுதியில் வேரூன்றச் செய்தது. திருப்பதி மின்னணு உற்பத்தித் தொகுப்பில், 165 கோடி ரூபாய் முதலீட்டில் அமைந்த லித்தியம் மின்கலத் தொழிற்சாலை 2022இல் முன்னோட்ட உற்பத்தியைத் தொடங்கியது. அருகில் ஏர்ப்பேட்டில் திருப்பதி ஐ.ஐ.டி. இயங்குகிறது. திருப்பதியில் தேவஸ்தானத்தின் ‘பர்டு’ மருத்துவமனை எலும்பு, மூட்டு நோயாளிகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சிகிச்சையளித்து வருகிறது. ஆக்குவோரும், ஆராய்வோரும், பயன்பெறுவோரும் ஒரே வட்டாரத்தில் இருப்பது அரிய வாய்ப்பாகும். இம்மூவரையும் ஒன்றிணைக்கும் முயற்சியே இப்பொழுது தேவைப்படுகிறது.

அரசின் திட்டங்கள் இதற்குத் துணையாகலாம். 2017இல் அண்டை மாவட்டமான நெல்லூரில் தொடங்கப்பெற்ற ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா, வறிய முதியோருக்கு ஊன்றுகோல், காது கேட்கும் கருவி, சக்கர நாற்காலி முதலியவற்றை இலவசமாக வழங்குகிறது. 2021இல் தொடங்கிய ‘சேஜ்’ திட்டம், முதியோர் நலனுக்கான புதுத் தொழில் முனைவோருக்கு ஒரு கோடி ரூபாய் வரை பங்கு முதலீடு அளிக்க வகை செய்கிறது.

வரிசை முறை

கைத்தடியே கிடைக்காத முதியவருக்கு ரோபோவைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. கைத்தடியும் கண்ணாடியும் சக்கர நாற்காலியும் முதலில் சென்றடைய வேண்டும். ஆனால் கை அசையாதவருக்குக் கைத்தடி பயன்படாது. அவருக்காகவே மலிவான, பழுதானால் வட்டாரத்திலேயே செப்பனிடத்தக்க இயந்திரக் கை உருவாக வேண்டும். அதன் வடிவமைப்பில் முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் தொடக்கத்திலிருந்தே பங்குகொள்ள வேண்டும். பிள்ளையின் அன்புக்கு இயந்திரம் ஈடாகாது. ஆனால் தாகம் எடுக்கும்பொழுது ஒருவர் தாமே தண்ணீர் அருந்த அது வழி செய்யுமானால், அவரது தன்மதிப்பைக் காத்த பெருமை அதற்கு உண்டு.